எந்த ஏரியா?

தூத்துக்குடிக்கு வடக்கே, தருவைகுளம் கடற்கரையில் பையன்கள் படகுகளுக்கு நடுவே பந்து விளையாடுவார்கள். பெரியவர்கள் அதட்டினால், 'வலைய மிதிக்காதலே' என்பதற்குத்தான். 'உனக்கு இங்க என்னடா வேலை?' என்று யாரும் கேட்பதில்லை.

அதே வயசுப் பையன் சென்னை நொச்சிக்குப்பத்தில் பிறந்திருந்தால்? அவன் தாத்தா காலத்தில், 1985-ல், மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அள்ளிப் போனார்கள். எதிர்த்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு, உயிர்கள் போயின. 2023 ஏப்ரலில் லூப் ரோட்டு மீன்கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சலாகிவிட்டன. அகற்றினார்கள். மீனவர்கள் படகைச் சாலையில் போட்டு மறித்தார்கள். அப்புறம் 2024-ல் மீன் அங்காடி திறந்தார்கள், சரி. ஆனால் அந்த ரோடே, வலை காயப்போட்ட மணல் மேல் வந்ததுதானே?

'பொதுமக்களுக்கு இடைஞ்சல்' என்கிறோம். அந்தப் பொதுமக்களில் இந்தப் பையன் உண்டா, இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

ஒருநாள் விடிகாலை அங்கே நடக்கப் போயிருந்தேன். நாலு பையன்கள் மணலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் கை தானாகவே சட்டைப்பையில் செல்போன் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது. (வெட்கம்தான். இருந்தாலும் சொல்கிறேன்.) ரோந்து வந்த போலீஸ்காரர் லத்தியைத் தட்டி, "எந்த ஏரியாடா?" என்றார்.

"இந்த ஏரியாதான் சார்."

கலைந்து போகச் சொன்னார். போனார்கள்.

என்னை எந்த ஏரியா என்று அவர் கேட்கவில்லை. எட்டு கிலோமீட்டர் தள்ளியிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்தேன்.