ஒளித்துகளை விழுங்காமல் அறிவது

ஒற்றை ஃபோட்டானைப் பிடிக்கும் கருவி, பிடித்த கணமே அதை விழுங்கிவிடுகிறது. ஒளிப்பெருக்கிக் குழாயின் முகப்பில் ஃபோட்டான் மோதுகிறது. ஓர் எலெக்ட்ரான் தெறிக்கிறது. அது அடுத்தடுத்த மின்முனைகளில் மோதி லட்சக்கணக்கில் பெருகுகிறது. 'டிக்' என்று கருவி கணக்கு வைக்கும்போது ஃபோட்டான் உயிரோடு இல்லை. நம் கண்ணும் அப்படித்தான். விழித்திரை உணரும் ஒளிக்கு அங்கேயே முடிவு.

அப்படியானால், அறிவது என்றாலே அழிப்பதுதானா?

பாரிஸில் இயற்பியலாளர் செர்ஜ் ஹரோஷின் குழு 2007இல் இந்தக் கேள்விக்கு ஆய்வறையில் பதில் தேடியது. நயோபியம் பூசிய இரண்டு செம்புக் கண்ணாடிகள், நடுவே 2.7 சென்டிமீட்டர் இடைவெளி, குளிர் 0.8 கெல்வின். உள்ளே சிக்கிய நுண்ணலை ஃபோட்டான் சராசரியாக 0.13 விநாடி அங்குமிங்கும் எகிறிக்கொண்டிருக்கும். அதற்குள் அது ஓடும் தூரம் ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர், பூமியை ஒருமுறை சுற்றிவரும் அளவு! அந்த இடைவெளி வழியே ருபீடியம் அணுக்களை ஒவ்வொன்றாக அனுப்பினார்கள். அணுவின் ஆற்றல் நிலைகள் ஃபோட்டானோடு பொருந்தாதபடி அமைத்திருந்ததால் அதை விழுங்க முடியாது. ஆனால் அணுவின் அலைவு சற்றே பிசகும். வெளியே வந்ததும் அந்தப் பிசகை அளந்தால் உள்ளே ஃபோட்டான் உண்டா, இல்லையா என்று தெரிந்துவிடும். ஒரே ஃபோட்டானுக்கு நூற்றுக்கணக்கான அணுக்கள் சாட்சி சொல்லிவிட்டுப் போயின. அது தோன்றியதும் மறைந்ததும் வரைபடத்தில் படிக்கட்டுபோலப் பதிந்தன. 2012இல் டேவிட் வைன்லேண்டோடு சேர்த்து ஹரோஷுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இலவசமாக வந்த அறிவல்ல இது. எத்தனை ஃபோட்டான் என்று துல்லியமாகத் தெரிந்துகொண்டால், அந்த அலையின் கட்டம் குலைந்துபோகிறது. உண்டு, இல்லை என்ற இரண்டும் கலந்த நிலையில் கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள ஒளிப்புலம் இருந்திருந்தால், அணுக்கள் கடந்தபின் ஏதாவது ஒன்றுதான் மிஞ்சும். துகள் பிழைத்தது, இரண்டும் கலந்த நிலை போயிற்று.

பார்ப்பவரின் மனமே உலகை ஆக்குகிறது என்று ஆன்மிக மேடைகள் தாவுவது இந்த இடத்தில்தான். அளவீட்டை முடித்துவைப்பது உணர்வுதான் என்று இயற்பியலாளர் யூஜின் விக்னர் 1961இல் எழுதியது உண்மை. பின்னாளில் அவரே அதைக் கைவிட்டார் என்பதை மேடைகள் சொல்வதில்லை. பாரிஸில் ஃபோட்டானைத் தொட்டது ருபீடியம், பதிந்தது கருவி. அந்த மேடைகள் பேசும் அத்வைதத்துக்குத் தன் காலில் நிற்கத் தெரியும், ஃபோட்டானின் சிபாரிசு அதற்கு எதற்கு?

'குவாண்டமே சொல்லிவிட்டது' என்று யாராவது அடித்துப் பேசினால், எந்தச் சோதனை, எதை அளந்தார்கள் என்று எழுந்து கேளுங்கள்.