பருவம் கேட்பதும் அமானிதமே

 

திருமறையில் ஸூரத்துன் நிஸாவின் ஆறாம் வசனத்தை நாம் அநேகமுறை ஓதியிருக்கிறோம். அநாதைகளின் பொருளைக் காத்துவரும் பொறுப்பாளி, அவர்கள் பருவமடையும்வரை சோதித்து வரவேண்டும்; அறிவுத் தெளிவு கண்ட பின்னரே பொருளை ஒப்படைக்க வேண்டும்; அப்போதும் சாட்சி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. கவனியுங்கள்! பொருள் அப்பிள்ளையுடையதே. ஆயினும் பருவம் வராத கையில் கொடுக்காதே என்று அல்லாஹ் தஆலா தடுக்கிறான். அவனுடைய சொந்தப் பொருளுக்கே இவ்வளவு காவல் என்றால், அவன் நெஞ்சைக் கெடுக்கும் புகையை அவன் கையில் கொடுக்க நமக்கு யார் அனுமதி தந்தார்?

‘வேப்’ எனும் மின்சிகரெட்டைப் பற்றித்தான் சொல்லுகிறோம். அதில் ஊற்றும் நிக்கோடின் திரவம் 2023 மார்ச் 31-ல் நஞ்சுச் சட்டப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மறுநாள் முதல் மில்லி லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. 2024 அக்டோபர் 1-ல் 852ஆம் சட்டம் அமலாகும்வரை, பதினெட்டு மாத காலம், இதைப் பிள்ளைகளுக்கு விற்காதே என்று தடுக்கும் நாடு தழுவிய சட்டம் இல்லை.

அந்த இடைவெளியில்தான் நாமும் வழுக்கினோம். மறைப்பானேன்? உறவுக்கார இளைஞர் ஒருவர், “மாமா, கைப்பேசியிலேயே விற்கலாம், வாடகையும் இல்லை, ஆளும் வேண்டாம்” என்றார். “பதினெட்டு வயது நிரம்பியவரா?” என்று திரையில் ஒரு கேள்வி போட்டோம். “ஆம்” என்று விரல் பட்டால் போதும், பொட்டலம் கட்டினோம். ஒருநாள் கட்டிய பொட்டலத்தில் நமக்குத் தெரிந்த விலாசம் இருந்தது. அவ்வீட்டில் பெரிய ஆண்பிள்ளை எவருமில்லை. மாலையில் ஓதப்போகும் பதினான்கு வயதுப் பையன் ஒருவன்தான் உண்டு. நமக்கு எதிரே வந்தால் ஸலாம் சொல்லிக் கையை முத்துகிறவன்! பொட்டலத்தைப் பிரித்தோம், பணத்தைத் திருப்பினோம், அத்தோடு அவ்வியாபாரத்தை விட்டோம். ஆனால் அதற்குமுன் அனுப்பிய பொட்டலங்கள் எந்த எந்தப் பிள்ளையின் கைக்குப் போயினவோ! அக்கணக்கு இன்னும் நம் தலைமேல் இருக்கிறது.

சகோதரர்களே! தண்ணீர் கலந்த பாலை விற்கச் சொன்ன தாயிடம், “உமர் (ரலி) பார்க்காவிட்டாலும் உமருடைய ரப்பு பார்க்கிறானே” என்று மறுத்த பெண்ணின் சரிதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். திரைக்குப் பின்னாலிருப்பவன் யார் என்று நமக்குத் தெரியாது என்பது, கலீபாவுக்குத் தெரியாது என்று அத்தாய் சொன்ன அதே சாக்கு அல்லவா?

இந்நாட்டில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் வேப் பிடிப்போர் 2017-ல் நூற்றுக்கு 9.8, 2022-ல் 14.9 என்று சுகாதார அமைச்சின் ஆய்வு கூறுகிறது. மாம்பழ வாசமும் திராட்சை வாசமும் யாரை அழைக்கின்றன என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

852ஆம் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதைத் தடுத்ததோடு, இணையவழி விற்பனையையும் அடைத்துவிட்டது. சிறு வியாபாரியின் பிழைப்பில் மண் விழுந்ததென்று சிலர் முணுமுணுக்கின்றனர். முகம் காணாத விற்பனையில் வயது காண்பதெப்படி? நாம் காவாத வாசலைச் சட்டம் சாத்திற்று, அவ்வளவே.

இன்னொன்றும் உண்டு. தேசிய ஃபத்வாக் குழு 1995-ல் புகைபிடித்தலையும், 2015 டிசம்பரில் வேப்பையும் ஹராம் என்று தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே இச்சரக்கை அடியோடு விடுவதே மேல். உடனே விட இயலாதவர், சிகரெட் விற்பவர், ஒன்றை உறுதியாகப் பிடியுங்கள்: மைகாட் பாராமல் கொடுக்காதீர்கள். அதன் முதல் ஆறு எண்களே பிறந்த ஆண்டு, மாதம், நாள். 100315 என்றிருந்தால் 2010 மார்ச் 15. அவனுக்கு 2028 மார்ச் 15 வரையில் வயது நிரம்பாது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் மட்டும் படித்த நமக்கே இக்கணக்கு வருகிறது. அட்டை இல்லையென்றால் சரக்கும் இல்லை. “அத்தா வாங்கிவரச் சொன்னார்” என்றால், அத்தாவையே வரச் சொல்லுங்கள். வருகிறவன் தமிழனோ, சீனனோ, மலாய்க்காரனோ, எந்த மார்க்கத்தவனோ, அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளையே.

“நாம் விற்காவிட்டால் அடுத்த கடைக்காரன் விற்பான்” என்பீர்கள். அடுத்தவன் கணக்கை அடுத்தவன் கொடுப்பான். நம் கல்லாவில் விழும் ஒவ்வொரு வெள்ளிக்கும், எங்கிருந்து சம்பாதித்தாய் என்ற கேள்வி மஹ்ஷரில் நமக்குத்தான் வரும்.

யா அல்லாஹ்! எங்கள் வியாபாரத்தில் பரக்கத்தைத் தருவாயாக! பிறர் பிள்ளைகளையும் எம் பிள்ளைகளாகக் காணும் கண்ணைத் தருவாயாக! அறிந்தும் அறியாமலும் நாங்கள் செய்துவிட்ட பிழைகளை மன்னிப்பாயாக! ஆமீன்.