அசலும் டூப்ளிகேட்டும்

கண் மங்கத் தொடங்கியவன் புத்தகத்தைச் சற்றுத் தள்ளிப் பிடிப்பான். மடிக்கணினியை அப்படித் தள்ளி வைத்தால் விரல் எட்டாது. ஆகவே பெரிய திரை ஒன்றை வாங்கி அதனுடன் இணைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். ரிச்சித் தெருவில் வாங்கிய திரையை என் அக்காள் மகன் ஆட்டோவில் கொண்டுவந்து, மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு ஏற்றினான். லேக் வியூ ரோடுக்கு அடுத்த சந்துதான் எங்கள் வீடு. ஏரி மறைந்து எத்தனையோ காலம் ஆயிற்று. பெயர்ப் பலகை மட்டும் இன்னும் ஏரியைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

மேஜைக்கு வலப்புறம் ஜன்னல். வெயில் படக்கூடாது என்று திரையை இடப்புறம் வைத்தோம். ஒரு கை நீளத் தூரத்தில் இருக்க வேண்டும்; மேல் விளிம்பு கண் மட்டத்தைத் தாண்டக் கூடாது என்றான். உயரம் போதவில்லை. பழைய தீபாவளி மலர்கள் இரண்டை அடியில் கொடுத்தான். எச்.டி.எம்.ஐ. ஒயரைச் செருகிவிட்டுக் கேட்டான்:

"மாமா, உங்களுக்கு டூப்ளிகேட் வேணுமா, எக்ஸ்டெண்ட் வேணுமா?"

"டூப்ளிகேட் எதுக்குடா? முழு விலை கொடுத்திருக்கேன். அசலாவே வை!"

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு விளக்கினான். விண்டோஸ் விசையையும் 'பி' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் நான்கு வழிகள் தெரியுமாம். சிறிய திரை மட்டும். பெரிய திரை மட்டும். இரண்டிலும் ஒரே காட்சி தெரிந்தால் அது டூப்ளிகேட். இரண்டு திரையும் சேர்ந்து ஒரே அகன்ற மேஜையாகிவிட்டால் அது எக்ஸ்டெண்ட்.

"எக்ஸ்டெண்டுதான் நல்லது, மாமா. மீட்டிங்கிலே பெரிய திரையை எல்லாருக்கும் காட்டலாம். சின்னதிலே நம்ம குறிப்பை வெச்சுக்கலாம். யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாது! அந்தச் சொல் என்னைத் தைத்தது. அதற்குக் காரணம் உண்டு.

சென்ற ஆண்டு நண்பர் ஒருவருடைய நாவல் வெளியீட்டு விழாவில் பேசினேன். முப்பது வருஷத்து நட்பு. பழைய புகைப்படங்கள் சிலவற்றைச் சபைக்குக் காட்டலாம் என்று என் மடிக்கணினியை அரங்கத்துத் திரையுடன் இணைக்கச் சொன்னேன். இணைந்தது டூப்ளிகேட் முறையில் என்பதை நான் அறியேன். "தமிழுக்குக் கிடைத்த கொடை இந்த நாவல்" என்று முழங்கிக்கொண்டே படத்தைத் தேடியவன், கை தவறி வேறொரு குறிப்பைத் திறந்துவிட்டேன். 'பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. கதாநாயகி வெறும் மரப்பாச்சி. நட்புக்காக நாலு வார்த்தை சொல்லித் தொலைக்க வேண்டும்.' சபை படித்தது. நண்பரும் படித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. போட்ட மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட், 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு முன்னால் அதை இயக்கிக் காட்டினார். தம் சிறிய திரையில் செய்த வேலையைப் பெரிய திரையில் எல்லோரும் பார்க்கும்படி செய்து, 90 நிமிஷம் விளக்கினார். சபை எழுந்து நின்று கை தட்டியது. அவருக்குப் புகழ் தந்த அதே ஏற்பாடு எனக்குத் தலைகுனிவைத் தந்தது என்றால், குற்றம் ஏற்பாட்டின் மேல் இல்லை அல்லவா?

அப்படியானால் மனிதன் எப்போதும் டூப்ளிகேட் முறையிலேயே வாழ வேண்டுமா? உள்ளே ஓடுவதையெல்லாம் ஊர் பார்க்கத் திரையிட வேண்டுமா? அதுவும் சரியென்று எனக்குத் தோன்றவில்லை. பானையில் சோறு குறைந்த நாளில் "நான் அப்பவே சாப்பிட்டாச்சு" என்று சொல்லும் தாய்க்கு ஒரு சிறிய திரை வேண்டும். நோயாளியின் முகம் பார்த்துப் பேசும் டாக்டருக்கு ஒன்று வேண்டும். அடித்துத் திருத்தி எழுதும் எழுத்தாளனுக்கும் வேண்டும். மறைப்பெல்லாம் பொய்யாகிவிடாது. எந்த மறைப்பு பொய்யாகிறது என்பதே கேள்வி.

விடையை அந்த மேஜையே எனக்குக் காட்டியது. எக்ஸ்டெண்ட் வைத்த பிறகு, அம்புக்குறியைப் பெரிய திரைக்குக் கொண்டுபோக மவுஸை இடப்பக்கம் தள்ளினேன். அம்பு விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. பையன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தான். அதில் ஒன்று, இரண்டு என்று எண்ணிட்ட இரு கட்டங்கள் இருந்தன. இரண்டாம் கட்டம் வலப்புறம் இருந்தது. புதிய திரை தன்னைச் செய்தவர் பெயரையும் தன் அகல உயரத்தையும் ஒயர் வழியே தானே சொல்லிவிடுமாம். எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்ல மட்டும் அதற்குத் தெரியாதாம். அதை நாம்தான் சொல்ல வேண்டும். கட்டத்தை இடப்புறம் இழுத்துவிட்டான். அம்பு தடையின்றி அந்தப் பக்கம் போயிற்று.

இரண்டு திரை இருப்பது தவறில்லை. இரண்டிலும் ஒரே அம்பு நடமாட வேண்டும். தனிமையில் நினைத்ததை, கொஞ்சம் பதமாக்கி, பொறுமையான சொற்களில் சபைக்குக் கொண்டுபோக வழி இருக்குமானால், அந்தத் தனிமை நேர்மையானது. வழி அடைத்துப்போய், இங்கே ஏளனமும் அங்கே புகழுமாக நின்றுவிட்டால், அதுதான் வேஷம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அச்சுக்குப் போகுமுன் அந்தக் கையெழுத்துப் பிரதியை நண்பர் என்னிடம்தான் முதலில் கொடுத்தார். "பிரமாதம்" என்றேன். அன்றே உள்ளதைச் சொல்லியிருந்தால், மரப்பாச்சிக்கு உயிர் கொடுக்க அவருக்கு அவகாசம் இருந்திருக்கும். சபையில் நான் அவரை அவமதித்தது தற்செயல். அந்த அவகாசத்தைத் திருடியது தற்செயல் அல்ல.

அன்று மாலை அந்தக் குறிப்பைப் பெரிய திரையில் வைத்துத் திருப்பி எழுதினேன். ஏளனத்தை நீக்கிய பிறகும் இரண்டு பக்கம் மிஞ்சியது. அதை எடுத்துக்கொண்டு துரைசாமி சுரங்கப்பாதையைக் கடந்து தியாகராய நகரில் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் சிறிது நேரம் என்னையே பார்த்துவிட்டு, "வாரும்" என்றார். காபி வந்தது. மரப்பாச்சியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். பழைய சிரிப்பு அவர் முகத்தில் இன்னும் வரவில்லை. வராமலே போனாலும், அவருக்குத் தர வேண்டிய அந்த இரண்டு பக்கத்தைத் தந்துவிட்டேன்.