பாடசாலை முற்றம் யாருக்குரியது?

ஓர் ஊரின் பொது இடங்களுள் பாடசாலை வளவும் ஒன்று. சிரமதானம் என்று அழைத்தால் பெற்றாரும் பழைய மாணவரும் மண்வெட்டியோடு வந்துவிடுகின்றனர். ஆனால் எந்த மரத்தைத் தறிப்பது, எங்கே நிழல் வேண்டும், சின்னப் பிள்ளைகள் எங்கே விளையாடுவது என்பவற்றைப் பெரும்பாலும் ஒருசிலரே முன்கூட்டித் தீர்மானித்து விடுகின்றனர். உழைப்பைக் கேட்கும் நாம் எண்ணத்தைக் கேளாதிருப்பது முறையாகுமா?

அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், பேர்க்லி நகர வாஷிங்டன் ஆரம்பப் பாடசாலையின் முற்றம் ஏறத்தாழ 1.5 ஏக்கர், தார் இடப்பட்ட வெறுந்தரை. 1970களின் தொடக்கத்தில் அதிபர் ஹேர்ப் வொங்கும் வடிவமைப்பாளர் ரொபின் மூரும் அதனை மாற்ற முனைந்தபோது, மாணவர், ஆசிரியர், பெற்றார், அயலவர் ஆகியோரின் விருப்பங்களைக் கேட்டறிந்தனர். அவர்களையும் சேர்த்துக்கொண்டே ஏறத்தாழ அரை ஏக்கரில் தாரைப் பெயர்த்துக் குளங்களும் புல்வெளியும் மரச்சோலையும் அமைத்தனர். விளையாடிய இடமே பாடம் படிக்கும் இடமுமாயிற்று.

சிறுவருக்கு என்ன தெரியும் என்று சிலர் கேட்கலாம். அளவும் செலவும் அவர்களுக்குத் தெரியாதுதான். ஆயினும் நண்பகலில் எந்த மூலை சுடும், மழைக்கு எங்கே வெள்ளம் நிற்கும், பெரியவர்களின் பந்துக்கு அஞ்சிச் சின்னவர்கள் எங்கே ஒதுங்குவர் என்பவற்றை நாள்தோறும் அங்கே நிற்பவரே அறிவர். எனவே அவர்களைக் கேட்பது நாம் செய்யும் உபகாரமன்று. அது அவர்களுடைய உரிமை.

உரிமையோடு கடமையும் வருகின்றது. மரம் வேண்டுமென்றவர் கன்றுக்கு நீரும் ஊற்றவேண்டும். பிறர் விருப்பத்துக்கும் இடம்விட வேண்டும். இந்தப் பழக்கத்தைப் பிள்ளைகள் பெறுவதற்காகவேனும், அடுத்த சிரமதானத்தில் மண்வெட்டி எடுக்குமுன் அவர்களை ஒருமுறை கேட்போமாக.