கட்டளைக்கும் ஓர் எல்லை உண்டு

கீழ்ப்படிவதாக உறுதி கூறிப் படையில் சேர்ந்த ஒருவன், தான் ஈடுபட்ட போரையே தவறென்று சொல்லலாமா? இக்கேள்வி எளிதானதன்று. ஒவ்வொரு சிப்பாயும் கட்டளையை எடைபோடத் தொடங்கினால் படையென்று ஒன்று இராது. இது உண்மையே.

ஆயினும் கீழ்ப்படிதலின் எல்லையை மார்க்கம் தெளிவாகக் காட்டியிருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு சிறு படையை அனுப்பி, அன்ஸாரித் தோழர் ஒருவரைத் தலைவராக்கினார்கள். அவர் வழியில் சினமுற்று, விறகு சேர்த்துத் தீ மூட்டச் செய்து, அதில் இறங்குமாறு வீரர்களைப் பணித்தார். நரக நெருப்புக்கு அஞ்சித்தானே நபியவர்களிடம் வந்தோம் என்று அவர்கள் தயங்கி நின்றனர். அதற்குள் தீயும் அணைந்தது. தலைவரின் சினமும் தணிந்தது. செய்தியறிந்த நபியவர்கள், அதில் இறங்கியிருந்தால் அவர்கள் வெளியேறியே இருக்க மாட்டார்கள் என்றும், கீழ்ப்படிதல் நன்மையில் மட்டுமே என்றும் உணர்த்தினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி உள்ளது.

தன்னை எரிக்கும் தீயில் இறங்கலாகாது என்றால், பிறரை எரிக்கும் தீயை மூட்டலாமா?

1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் முதியோரையும் பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுத் தள்ளினர். மாண்டவர் 504 பேர் என்பது வியட்நாமியர் கணக்கு. ஹெலிகாப்டர் ஓட்டி ஹியூ தாம்ஸன், தம் நாட்டுச் சிப்பாய்களுக்கும் பதுங்கியிருந்த கிராமத்தாருக்கும் நடுவே இறங்கினார். இம்மக்களைச் சுட்டால் நம்மவரையே சுடுங்கள் என்று துணைவர்களிடம் கூறிவிட்டு, அவர்களை மீட்டார். துரோகி என்று தூற்றப்பட்ட அவருக்கு, 30 ஆண்டுகளுக்குப் பின் 1998-ல் அதே இராணுவம் பதக்கம் அளித்தது.

தாம்ஸன் தடுத்தது ஒரு நாளின் கொடுமையை. அப்போரையே எதிர்த்த வீரர்களும் உண்டு. 1971 ஏப்ரல் 23 அன்று நூற்றுக்கணக்கானோர் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் தம் பதக்கங்களை வீசியெறிந்தனர். அதே வாரம், போரில் மகனைப் பறிகொடுத்த தாய்மார் சிலர் அவ்வீரர்களுடன் மலர்வளையம் ஏந்தி ஆர்லிங்டன் இராணுவ மயானத்திற்குச் சென்றனர். அவர்கள் முன் வாயிற்கதவு அடைக்கப்பட்டது.

பெற்ற மகனின் உயிர்த்தியாகத்தை வீணென்று சொல்கிறாயா என்பதே இத்தகைய தாய்மாரை நோக்கி எழும் கேள்வி. போர் நியாயமானதே என்று நம்பியிருந்தால் அவர்களுக்கு ஓர் ஆறுதலாவது மிஞ்சியிருக்கும். அந்த ஆறுதலையும் துறந்து, இன்னொருத்தியின் மகனாவது பிழைக்கட்டும் என்றே வாய் திறந்தார்கள். இது மாண்டவனுக்குச் செய்யும் துரோகமன்று. மாண்டவன் பெயரைச் சொல்லி மேலும் உயிர்களைக் கேட்பதே துரோகம்.

அன்பர்களே! நாம் போர்க்களத்தில் இல்லை. ஆனால் அலுவலகத்திலும் கடையிலும் வீட்டிலும் நமக்கும் கட்டளைகள் வருகின்றன. நாளை மறுமையில் ஒவ்வொருவரும் தனித்தே நிற்போம். மேலிடத்து உத்தரவு என்ற சாக்கு அங்கே செல்லாது. நன்மைக்குப் பணியவும் தீமைக்கு மறுக்கவும் வல்ல நாயன் நமக்கு உறுதியைத் தருவானாக! ஆமீன்.