பசுவுக்குக் கிடைத்த பட்டம்

வள்ளல் என்றதும் நமக்குப் பாரியும் பேகனும்தான் நினைவுக்கு வருவார்கள். முல்லைக்குத் தேர், மயிலுக்குப் போர்வை. இங்கே ராஜபாளையத்தில் கேட்டால், பி.எஸ். குமாரசாமி ராஜா என்பார்கள். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். ஆனால் பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோதை, அதாவது ஆண்டாள், இருக்கிறாளே, அவள் திருப்பாவையின் மூன்றாம் பாசுரத்தில் அந்தப் பட்டத்தை எந்த அரசனுக்கும் கொடுக்கவில்லை. ஆய்ப்பாடியின் பசுக்களைப் பார்த்து ‘வள்ளல்’ என்றாள்.

ஏன் என்று மாடு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். கறக்கும் நேரம் தப்பினால் பசு நிலைகொள்ளாது. கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றி வரும், கத்தும். அப்படியே விட்டால் மடி கல்லாக இறுகி நோய் கண்டுவிடும். கன்றை ஒரு வாய் ஊட்டவிட்டுப் பிடித்துக் கட்டி, மடியைக் கழுவிக் காம்பில் விரல் வைத்ததும் சுரப்பு விடுகிறதே, அப்போதுதான் அதற்கு ஆசுவாசம். கொடுக்காமல் இருக்க முடியாத தவிப்பு அது. வாங்க ஓர் ஆள் வந்தாரே என்று நன்றி சொல்ல வேண்டியது பசுதான்!

அதே பாசுரத்தில் கறப்பவரும் வருகிறார். தயங்கி நிற்காமல் உள்ளே போய், உட்கார்ந்து, மடியைப் பற்றுகிறார். பசுவை ஆசாரியராகவும் கறப்பவரைச் சீடராகவும் வைத்துப் பெரியோர் பொருள் சொல்வார்கள். எனக்கு அந்தத் தயங்காமைதான் பெரிதாகப் படுகிறது. வாங்குகிறவர் கூசாமல் வாங்க வேண்டும் அன்பர்களே. நாம் கூசாமல் வாங்க விடுகிறோமா? ஆடிப்பூரத் தேருக்கு நீர்மோர்ப் பந்தல் போடுகிறோம், நல்ல காரியம். குவளையை நீட்டும்போதே செல்போனில் படமும் எடுத்தால் வாங்குகிறவர் தலை குனிந்துவிடாதா? என் மனசு அதைப் பொறுக்கவில்லை.

ஆண்டாளே வாங்கிக்கொண்டவள்தான். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டாள். பல நூற்றாண்டு கழித்து ராமானுஜர்தான் அவளுக்காக அதைச் செலுத்தினார். பிறகு அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது, சந்நிதிக்குள்ளிருந்து ‘அண்ணா’ என்று அழைத்தாளாம். கடன்பட்டவள் குரலா அது? அண்ணனிடம் வாங்கத் தங்கைக்கு என்ன கூச்சம்! அன்று முதல் ராமானுஜருக்குக் ‘கோயிலண்ணன்’ என்று பெயர்.