கூலியும் வீடும்

எமது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. மே தினத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவிக்கும் நோக்குடன் எட்டு மணி நேர வேலைநாளின் வரலாற்றை வகுப்பிலே கூறிக்கொண்டிருந்தோம். 1886-ஆம் ஆண்டு மே முதலாம் நாள் சிக்காகோவிலும் ஏனைய அமெரிக்க நகர்களிலும் தொழிலாளர் வேலையை நிறுத்தி வீதிக்கு வந்ததையும், ஒரு நாளை மூன்றாகப் பகுத்து உழைப்புக்கும் ஓய்வுக்கும் தம் விருப்புக்கும் எட்டெட்டு மணியென அவர்கள் கோரியதையும் சொல்லி முடித்த வேளையில் அவன் எழுந்தான். அதே அமெரிக்காவிலே கணவனும் மனைவியுமாக ஒரே லொறியை ஓட்டும் இருவரைப் பற்றிய காணொளி ஒன்றைத் தான் பார்த்ததாகக் கூறினான். ஒருவர் மாறி ஒருவர் இரவு பகலாக ஓட்டுகிறார்களாம்; வாரக்கணக்கில் வீட்டுக்குப் போவதில்லையாம்; ஆயினும் முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லையாம்.

"சேர், அவர்களை ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லையே. கூட உழைக்கலாம் என்று விரும்பித்தானே போகிறார்கள். அதில் என்ன பிழை?"

சுரண்டல் என்ற ஒரே சொல்லால் நாம் அவனுக்கு விடையளித்தோம். அவனும் அமர்ந்துவிட்டான். அந்த விடை போதாது என்பதை உணர எமக்கு ஒரு வாரம் பிடித்தது. அச்சொல் தவறன்று. ஆனால் எதனைக் கொடுத்து எதனைப் பெறுகிறார்கள் என்பதைப் பாராமலே சொல்லப்பட்ட சொல் அது.

முதலில் அத்தொழிலின் இயல்பை நோக்குவோம். சாதாரணச் சரக்கு லொறிகளுக்குப் புறம்பாக, அவசரச் சரக்குக்கென்றே ஓடும் லொறிகள் அந்நாட்டில் உண்டு. மோட்டார் வண்டித் தொழிற்சாலையில் ஓர் உறுப்புத் தீர்ந்து உற்பத்தி வரிசை நிற்கப்போகிறது; பழுதுற்று நிற்கும் விமானத்துக்கு ஒரு பாகம் வேண்டும்; வைத்தியசாலை ஒன்று ஒரு கருவிக்குக் காத்திருக்கிறது. அத்தகைய வேளைகளில் லொறி நிறையும்வரை எவரும் பொறுப்பதில்லை. ஒரேயொரு பெட்டிக்காகவும் லொறி ஆயிரம் மைல் ஓடும். ஆனால் சாரதி ஒருவர், 10 மணி நேரம் தொடர்ந்து கடமையினின்று நீங்கியிருந்த பின்னர், 14 மணி நேர எல்லைக்குள் 11 மணி நேரமே ஓட்டலாம் என்பது சட்டம். 2017 டிசெம்பர் முதல் பெரும்பாலான நெடுந்தூர லொறிகளிலே மின்னியற் கருவியொன்று இதனைத் தானே பதிவு செய்கிறது. எனவே தனியொருவரின் லொறி நாளிற் பாதிக்கு மேல் நின்றே ஆகவேண்டும். இருவர் இருப்பின் ஒருவர் ஓட்ட மற்றவர் ஆசனத்துக்குப் பின்னாலுள்ள கட்டிலில் உறங்குவார். லொறி எண்ணெய்க்கும் சரக்குக்குமே நிற்கும்.

பொறி சும்மா கிடக்கும் ஒவ்வொரு மணியும் மூலதனத்தின் கண்ணுக்கு நட்டமாகவே தோன்றும் என்பதையும், அதனாலேயே ஆட்களைத் தொகுதி தொகுதியாக மாற்றி இரவும் பகலும் வேலை வாங்கும் முறை எழுந்தது என்பதையும் கார்ல் மார்க்ஸ் 1867-இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்திலே, வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் விரித்துரைத்துள்ளார். இருவர் ஓட்டும் லொறி அம்முறையே. சில்லு பூட்டியது மாத்திரம் புதிது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு, அதுவே எம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. அக்காலத்து உலைக்களத் தொழிலாளி, தன் முறை முடிந்ததும், எவ்வளவு இழிந்த குடிசையாயினும் உலைக்கு வெளியே போய் உறங்கினான். லொறிச் சாரதியோ தன் முறை முடிந்ததும் பொறியின் உள்ளேயே ஓரடி பின்னுக்கு நகர்கிறார். வண்டி குலுங்குகிறது, தடை அழுத்தப்படும்போதெல்லாம் உடல் அறிகிறது. தம் உயிரை ஓட்டுபவர் கையில் ஒப்படைத்துவிட்டே அவர் கண்ணை மூடவேண்டும். அக்கட்டிலிற் கழியும் நேரம் யாருடையது?

இது வெறும் தத்துவ விசாரமன்று. அந்நாட்டு நீதிமன்றங்களிலேயே இவ்வழக்கு நடந்திருக்கிறது. லொறியின் கட்டிலில் கடமையற்றிருக்கும் நேரம் வேலை நேரம் ஆகாது என்று 2019 யூலையிலே அமெரிக்கத் தொழில் திணைக்களம் கருத்துரைத்தது. 2023 டிசெம்பரிலோ, பொஸ்ரனில் அமரும் முதலாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம், இருவராய் ஓட்டிய சாரதிகள் தொடுத்த வழக்கொன்றிலே, நாளொன்றுக்கு எட்டு மணிக்கு மேல் அக்கட்டிலிற் கழியும் நேரத்துக்குக் கூலி கொடுக்கப்படல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. எட்டு மணி வரை உறக்கம் மனிதனுடையது. ஒன்பதாவது மணி தொடக்கம் அது கம்பனியினுடையது! இத்தீர்ப்பை நாம் பரிகசிக்கவில்லை. ஓடும் லொறிக்குள் அடைபட்டிருப்பவர் தம் நேரத்துக்குத் தாமே எசமானர் அல்லர் என்பதை அது ஒருவாறேனும் ஒப்புக்கொண்டது. ஆயினும் அது அவ்வட்டாரத்தையே கட்டுப்படுத்துவது. லொறியைத் தாமே கடனுக்கு வாங்கிச் 'சுயதொழில்' செய்பவர் என்று ஏட்டிற் பதியப்பட்டவருக்கோ வேதனச் சட்டத்தின் காப்பு இல்லை. அவசரச் சரக்குத் தொழிலில் அத்தகையோர் ஏராளம்.

இனிக் கூலியைப் பார்ப்போம். அது பெரும்பாலும் மைலுக்கு இவ்வளவு என்றோ சரக்குக் கட்டணத்தில் ஒரு பங்கு என்றோ அமைகிறது. விளக்கத்துக்காகச் சில எண்களை நாமே வைத்துக்கொள்வோம். தனிச் சாரதிக்கு மைலுக்கு 60 சதம், நாளுக்கு 600 மைல் எனின் 360 டொலர். இருவர் லொறிக்கு மைலுக்கு 70 சதம், 1,100 மைல் எனின் 770 டொலர்; ஆளுக்கு 385. ஏறத்தாழ இரண்டு மடங்கு ஓடிய லொறியிலிருந்து ஆளுக்கு வந்த மிகுதி 25 டொலரே. ஆனால் இருவரும் கணவன் மனைவியாயின் 770 டொலரும் ஒரே வீட்டுக்குப் போகிறது. கண்ணுக்குத் தெரியும் எண் அதுவே. அந்த நாளில் இரண்டு உடல்கள் 48 மணி நேரம் லொறிக்குள் இருந்தன என்பது எந்தச் சிட்டையிலும் வருவதில்லை. அடுத்த சரக்கு வரும்வரை யாரும் அறியாத ஊரொன்றின் லொறித் தரிப்பிடத்திலே காத்துக்கிடக்கும் மணிகளும் பெரும்பாலும் அவ்வாறே.

மைற் கூலியின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. சக்கரம் சுழலாத நேரம் யாவும் நட்டம். ஒரு வாரம் வெளியே இருந்தால் ஒரு நாள் வீட்டில் என்பது நெடுந்தூர லொறித் தொழிலில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த ஒரு நாளுக்கும் சாரதி விலை கொடுக்கிறார். உழைப்பு நிற்கிறது, லொறிக்கடனின் தவணை நிற்பதில்லை, சரக்கு இறக்கிய ஊரிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியிலே பெரும்பாலும் வெறும் லொறி. ஆதலால் தம் பிள்ளையின் பிறந்தநாளைப் பற்றி நினைக்கும்போதே அதற்கு எத்தனை டொலர் என்று அவர் மனம் கணக்கிடுகிறது. அவர் கருமி அல்லர். கூலி முறை அவரை அவ்வாறு எண்ணப் பழக்கியிருக்கிறது.

இது எப்பொழுதும் இவ்வாறு இருக்கவில்லை என்பதையும் குறிப்பிடல் வேண்டும். 1938-ஆம் ஆண்டின் நியாயத் தொழில் நியமச் சட்டம் அமெரிக்கத் தொழிலாளர் பலருக்கு மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்குக் கூலியை உறுதி செய்தபோது, நெடுந்தூர லொறிச் சாரதிகளை அதற்குப் புறத்தே விட்டது; அவ்விலக்கு இன்றும் உண்டு. ஆயினும் சட்டம் கொடாததைச் சங்கம் பெற்றது. 1964-இல் ஜிம்மி ஹொஃபா தலைமையிலான டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் நாடு தழுவிய சரக்குப் போக்குவரத்து உடன்படிக்கை ஒன்றை ஏற்படுத்திற்று. (ஹொஃபாவின் வாழ்க்கையில் நாம் புகழத்தகாதவை பல உள. அவ்வுடன்படிக்கை அவற்றுள் ஒன்றன்று.) 1980-இல் சனாதிபதி கார்ட்டர் ஒப்பமிட்ட மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டம் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. புதுக் கம்பனிகள் பெருகின, சங்கம் மெலிந்தது, உண்மைக் கூலி வீழ்ந்தது. முன்னாளில் லொறி ஓட்டியவரும் பின்னர்ப் பொருளியல் அறிஞரானவருமான மைக்கேல் பெல்சர் இவ்வீழ்ச்சியை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். கூலி வீழ்ந்தால் சாரதி ஈடுசெய்யக்கூடிய வழி ஒன்றே: இன்னும் பல மைல். அந்த மைல்களை வீட்டு நேரத்திலிருந்தே எடுக்கவேண்டியிருக்கிறது.

ஆகவே தராசின் ஒரு தட்டிற் கூலியும் மறுதட்டில் வீடும் இருக்கின்றன, சாரதி தம் விருப்பப்படி நிறுக்கிறார் என்று சொல்வது எம்மை ஏமாற்றும். இரண்டும் ஒரே வகைப் பொருள்களல்ல. கூலியைச் சேர்த்து வைக்கலாம். இந்த மாதத்து டொலரை அடுத்த வருடம் செலவிடலாம். வீட்டில் இருக்கும் நேரத்தை எங்கே சேர்த்து வைப்பது? பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட செவ்வாய்க்கிழமைக்குப் பதிலாகக் காய்ச்சலற்ற பத்து ஞாயிறுகளைக் கொடுத்தாலும் அந்தச் செவ்வாய் திரும்புவதில்லை. அன்றியும் கூலி அவருடையது. வீட்டு நேரமோ அவருடையது மாத்திரமன்று. அதிலே முதிய தாய்க்குப் பங்குண்டு, பிள்ளைக்குப் பங்குண்டு. பேரம் நடக்கும் இடத்தில் அவர்கள் இல்லை. அவர்களுடைய பங்கையும் சேர்த்து விற்கும் உரிமை அவருக்கு உண்டா என்பதே எமது மாணவனின் வினாவுக்குள் மறைந்திருந்த வினா. அவ்வுரிமை அவருக்கு முழுமையாக இல்லை என்பதே எமது கருத்து. அப்படிச் சொன்னதும் குற்றத்தை அவர் தலையிற் கட்டிவிட்டோமோ என்ற அச்சமும் எழுகிறது. வாடகையும் வைத்தியச் செலவும் அவ்வீட்டின் தேவைகளே. வீட்டைக் காப்பதற்காகவே அவர் வீட்டை விற்கிறார்.

எம்மைப் போன்றோர் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கற்பனை மிகுந்துவிடுவதுமுண்டு. லொறி ஓட்டும் பெண்ணுக்கு வீட்டு நேரம் என்பது என்ன? மூன்று வாரத்து அழுக்குத் துணி, தூசி படிந்த சமையலறை, செலுத்தாத சிட்டைகள். அவள் ஓய்வெடுக்க வீட்டுக்குப் போவதில்லை; இரண்டாம் வேலைக்குப் போகிறாள். லொறிக்குள்ளேயோ கணவன் ஓட்டும் அதே மைலை அவளும் ஓட்டுகிறாள், அவனைப் போலவே எண்ணப்படுகிறாள். பிள்ளைகள் வளர்ந்து பிரிந்துபோன பின்னர் இத்தொழிலுக்கு வரும் தம்பதியரும் உளர். வெவ்வேறு வேலைகளிற் பிரிந்து கிடப்பதைக் காட்டிலும் ஒரே லொறியில் இருப்பது நன்றென அவர்கள் கருதினால் அதனை மயக்கமென்று ஒதுக்க எமக்கு உரிமையில்லை. ஒன்றை மட்டும் அவர்களிடம் கேட்கலாம். ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் உறங்கும் அந்த ஒரே லொறியில், இருவரும் விழித்து முகம் பார்த்திருக்கும் நேரம் நாளில் எவ்வளவு?

இவ்வளவு அவசரம் யாருடையது என்பதும் கேட்கப்படவேண்டிய கேள்வி. வைத்தியசாலையின் அவசரம் எமக்கு விளங்குகிறது. ஆனால் தொழிற்சாலைகள் களஞ்சியச் செலவைக் குறைப்பதற்காக உறுப்புகளைச் சேர்த்து வைக்காது, வேண்டிய நேரத்துக்கு வேண்டிய அளவே வரவழைக்கும் முறையைக் கைக்கொண்டன. களஞ்சியம் சுருங்கியது, தவறு நேர்ந்தால் அதை ஈடுசெய்யும் பாரம் லொறிக் கட்டிலின் மேல் விழுந்தது. அவசரமென்றால் மனிதர் வீடற்றுத்தான் இருக்கவேண்டும் என்பதுமில்லை. வைத்தியசாலைத் தாதியும் இரவிலே விழித்திருக்கிறாள். முறை முடிந்ததும் வீடு செல்கிறாள். 1860-இல் அதே அமெரிக்காவிலே மிசூரியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குதிரைகளில் அஞ்சல் ஓடியது. சில மைலுக்கொரு குதிரை மாறியது. குறித்த தூரத்தில் ஓட்டுபவனும் மாறினான். கடிதப் பை முன்னே போயிற்று, மனிதன் தன் எல்லைக்குள் நின்றான். அவசரச் சரக்கு இன்று வடக்கேயும் நாளை தெற்கேயும் போவது. ஒரே பாதையில் ஓடிய அஞ்சலைப் போல அதற்கு நிலையங்கள் அமைப்பது எளிதன்று. செலவு மிகும். இன்று அச்செலவைச் சாரதியே தம் உறக்கத்தால் செலுத்துகிறார், அதனாலேதான் அது எவருக்கும் தெரிவதில்லை.

இவற்றையெல்லாம் அடுத்த வாரம் வகுப்பிலே சொன்னோம். கட்டிலிற் கழியும் ஒவ்வொரு மணிக்கும் கூலி உண்டென்றாகி, வீட்டுக்கு அனுப்பாத ஒவ்வொரு வாரத்துக்கும் கம்பனி மேலதிகமாகக் கொடுக்க நேர்ந்தால், சாரதியை வீட்டுக்கு அனுப்புவதிலே முதலாளியே அக்கறை கொள்வான் என்றும் கூறினோம். கேள்வி கேட்ட மாணவன் தலையசைத்தான். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, வழக்கமாகப் பேசாதவள், கையை உயர்த்தினாள்.

"சேர், அப்படிக் கூடக் கொடுத்தால், இப்போது வீட்டில் இருக்கிறவர்களும் போய்விடமாட்டார்களா?"

அவளுடைய தாய் மூன்று வருடமாக வெளிநாட்டில் வேலை செய்கிறாள் என்பது எமக்கு அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. பாடவேளை முடிந்துவிட்டது. அவ்வினாவைக் கரும்பலகையின் மூலையில் எழுதி, அழிக்கவேண்டாம் என்று வகுப்புத் தலைவனிடம் சொல்லிவிட்டு வந்தோம்.